12 வாரக் குழுப் பயிற்சி முடிந்த பிறகு பழக்கங்கள் நிலைக்க என்ன செய்யலாம்?

கேள்வி: தெப்பக்குளத்து ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் வசிக்கும் பள்ளி ஆசிரியை, வயது 47. எங்கள் தெருவையும் அடுத்த தெருவையும் சேர்ந்த பெண்கள் 14 பேர், ஒரு பயிற்றுநரின் மேற்பார்வையில், 12 வார எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினோம். இப்போது எட்டாவது வாரம் முடிந்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் காலை 5.45 மணிக்கு வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் கரையில் கூடி, குளத்தை மூன்று முறை சுற்றி வருகிறோம். அதன் பிறகு இருபது நிமிடம் கை, கால், இடுப்புக்கான பயிற்சிகள் நடக்கின்றன. சாப்பிடுவதை எல்லாம் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் எடை பார்த்ததும், யார் எவ்வளவு குறைந்திருக்கிறார் என்ற பட்டியல் அதே குழுவில் வந்துவிடும்.

தொடங்கும்போது என் உயரம் 156 செ.மீ., எடை 71.4 கிலோ, எச்.பி.ஏ.1.சி அளவு 6.1. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள் என்று மருத்துவர் சொன்னதால்தான் சேர்ந்தேன். முதல் ஐந்து வாரங்களில் 4.2 கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு மூன்று வாரங்களாக அந்த எண் அசையவே இல்லை.

ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். பட்டியலில் கடைசியில் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சனிக்கிழமை இரவு நான் சாப்பிடுவதில்லை. ஞாயிறு காலையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் நிற்கிறேன். போன வாரம் எடை மெஷினில் ஏறுவதற்கு முன்பு கையிலிருந்த வளையல்களைக் கழற்றித் தோழியிடம் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இருவரும் வளையல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எடை பார்த்து முடிந்ததும் எல்லோருமாகப் போய்ப் பொங்கலும் வடையும் சாப்பிடுகிறோம். இதைப் பார்க்கும்போது, நான் கற்றுக்கொண்டிருப்பது நல்ல பழக்கம்தானா என்று மனம் கலங்குகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் 90 நாள் குழுத் திட்டத்தில் சேர்ந்து 6 கிலோ குறைத்தேன். திட்டம் முடிந்த ஐந்தே மாதங்களில் 7 கிலோ ஏறிவிட்டது. இம்முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் பெருங்கவலை. பயிற்றுநரும் பட்டியலும் இல்லாத 13ஆவது வாரத்தில் இந்த நடையையும் சாப்பாட்டு ஒழுங்கையும் எப்படிக் காப்பாற்றுவது? வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருபவள் நான். குக்கரில் மீந்ததை வீணாக்க மனம் வராமல் வழித்துச் சாப்பிட்டுவிடுகிறேன், அதற்கு என்ன வழி? தேர்வுப் பணிக்காகச் சென்ற மாதம் நான்கு நாள் நடைக்குப் போக முடியாதபோது, எல்லாம் போயிற்று என்று சோர்ந்துவிட்டேன். அப்படி இடைவெளி விழுந்தால் மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: காவிரிக்கரை

வணக்கம் சகோதரி. திருச்சியில் எங்கள் காலனியில் காலை நடைக் குழு ஒன்றை ஒன்பது ஆண்டுகளாகச் சிலருடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வளையல் காட்சியை எங்கள் குழுவிலும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆண்கள் கைக்கடிகாரத்தையும் சட்டைப்பையில் இருந்த சாவிக்கொத்தையும் எடுத்து வைத்தார்கள். மூன்றாம் ஆண்டில் வாரப் பட்டியலை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக வருகைப் பதிவு மட்டும் வைத்துக்கொண்டோம்: அந்த வாரத்தில் எத்தனை நாள் நடந்தார், எத்தனை நாள் இரவு எட்டரை மணிக்குள் சாப்பிட்டு முடித்தார் என்ற இரண்டே கட்டங்கள். நடப்பதும் நேரத்தோடு சாப்பிடுவதும் நம் கையில் இருக்கின்றன. இந்த வாரம் எடை எவ்வளவு குறையும் என்பது நம் கையில் முழுவதும் இல்லை. நம் கையில் இல்லாத ஒன்றுக்குப் பலர் முன்னிலையில் கணக்குக் கேட்டால், மனிதர்கள் அந்தக் கணக்கைச் சரிக்கட்டத்தான் கற்றுக்கொள்வார்கள். சனிக்கிழமைப் பட்டினிக்காக உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். அதைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பட்டியல். உங்கள் பயிற்றுநரிடம் இதைத் தயங்காமல் பேசுங்கள். மற்ற பெண்களும் அதற்குக் காத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி 13ஆவது வாரம் பற்றி. இப்போது உங்களை எழுப்பி அழைத்துப் போவது எது என்று பாருங்கள். 5.45க்குத் தோழிகள் கரையில் காத்திருப்பார்கள் என்ற எண்ணம்தானே? திட்டம் முடிந்து அவர்கள் வராமல் போகும் நாளில் உங்கள் நடையும் நின்றுவிடும். முந்தைய திட்டத்தில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே மீதமுள்ள நான்கு வாரங்களில், உங்கள் வீட்டில் எப்படியும் தினமும் நடக்கும் ஒரு காரியத்தோடு நடையைக் கட்டிவிடுங்கள். எங்கள் குழுவில் ஓர் அம்மா, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும் கோலமாவு டப்பாவை உள்ளே கொண்டுபோய் வைக்கும் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் நடைக்கான ஷூவை வைத்தார். டப்பாவை வைக்கக் குனியும்போது ஷூ கண்ணில் படும், போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முப்பது ஆண்டுகளாக ஒருநாளும் தவறாத கோலம் அவரை இழுத்துக்கொண்டு போனது. குழு கூடாத சனி, ஞாயிறுகளில் அவர் தனியாகப் பதினைந்து நிமிடம் தெருவைச் சுற்றி வந்தார். குழு இல்லாத நாளில் சிறிதளவாவது நடப்பது மிக முக்கியம், ஏனென்றால் அந்த நாட்கள்தான் திட்டம் முடிந்த பிறகு வரப்போகும் காலத்துக்கு ஒத்திகை.

விட்டுப்போன நான்கு நாட்களைப் பற்றி வருந்த வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவருடைய சகாக்களும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். தினமும் செய்ய வேண்டிய ஒரு செயலை அவர்கள் 84 நாட்கள், அதாவது உங்களைப் போலவே 12 வாரங்கள் பின்பற்றினார்கள். அந்தச் செயல் யோசிக்காமலேயே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆனால் ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறுபட்டது (84 நாளைத் தாண்டிய எண்கள், பதிவான போக்கை வைத்துக் கணக்கிட்டவை). சாப்பிடுவது, குடிப்பது போன்றவற்றைவிட உடற்பயிற்சி பழக்கமாவதற்கு அதிக நாள் பிடித்தது. இடையில் ஒருநாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. எனவே 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி ஏமாற வேண்டாம். 12 வாரம் முடிந்தும் காலையில் எழுவது உங்களுக்குப் பாரமாக இருந்தால், உங்களிடம் ஏதோ குறை என்று எண்ணவும் வேண்டாம். எங்கள் குழுவில் நாங்கள் கடைப்பிடிப்பது ஒன்றுதான்: தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக நடப்பதில்லை, வழக்கமான அளவே நடந்துவிட்டுத் திரும்புகிறோம். இரட்டிப்பாக நடந்தவர்கள் பலர் முழங்கால் வலியோடு ஒரு வாரம் படுத்துவிட்டார்கள்.

குக்கரில் மீந்த சோறு பற்றி என் மனைவி சொன்ன வழியை எழுதுகிறேன். எல்லோருக்கும் பரிமாறும்போதே உங்கள் தட்டிலும் உங்களுக்கானதை வைத்துவிட வேண்டும். பரிமாறி முடித்த கையோடு, நீங்கள் சாப்பிட உட்காருவதற்கு முன்பே, மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிய சோற்றை அன்றிரவு யாரும் வழித்துச் சாப்பிடுவதில்லை. மறுநாள் காலையில் நீராகாரமாகவோ பழைய சோறாகவோ அளவோடு பயன்படும், வீணாயிற்று என்ற உறுத்தலும் இருக்காது.


பதில்: உணவியல் பணியாளர்

வணக்கம் அம்மா. அரசு மருத்துவமனை ஒன்றின் நீரிழிவுப் பிரிவில் உணவு ஆலோசகராகப் பணிபுரிகிறேன். எடை நின்றுபோனது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் மனம் உடைந்து விலகிவிடுகிறார்கள்.

நம் கல்லீரலிலும் தசைகளிலும் சர்க்கரை கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் முதல் வாரங்களில் அந்தச் சேமிப்பும் தண்ணீரும் கரைவதால் எடை வேகமாக இறங்கும். பிறகு குறைய வேண்டியது கொழுப்பு. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி அடங்கியிருப்பதால் அது மெதுவாகத்தான் குறையும். மேலும், 67 கிலோ உடலை நடக்க வைக்க 71 கிலோ உடலுக்கு ஆனதைவிடக் குறைவான ஆற்றலே போதும். சனிக்கிழமை இரவு பட்டினி கிடந்து ஞாயிறு காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவது தண்ணீரின் எடையை மட்டும் ஓரிரு மணி நேரம் குறைத்துக் காட்டும்; அதைத் தொடர்ந்து வரும் பசியில் சாப்பிடும் பொங்கலும் வடையும் அந்த வாரத்து உழைப்பில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். உங்கள் குழுவில் நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் இருந்தால், அவர்கள் இப்படிப் பட்டினி இருந்து காலையில் நடப்பது ஆபத்து. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். தயவுசெய்து இதை உங்கள் குழுவில் படித்துக் காட்டுங்கள்.

உங்களுக்கு நம்பிக்கை தரும் ஒரு செய்தி சென்னையிலிருந்தே இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. உங்களைப் போலவே நீரிழிவின் எல்லையில் இருந்த 531 பேர் அதில் பங்கேற்றார்கள். உணவையும் நடையையும் சீர்படுத்திக்கொண்ட பிரிவினருக்கு, மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. நான் ஒவ்வொரு நோயாளியிடமும் எடுத்துச் சொல்லும் விஷயம் இதுதான்: அந்தப் பிரிவினரின் சராசரி எடை ஏறக்குறைய குறையவே இல்லை. மெஷினில் எண் அசையாத காலத்திலும் நடையும் உணவும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. பின்னர் சென்னையில் 578 பேரிடம், வாரந்தோறும் குழுவாகக் கூடும் வகுப்புகளைக் கொண்டு, தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் சேர்த்து நடத்திய டி-கிளிப் ஆய்வில், நீரிழிவு வரும் வாய்ப்பு 32 சதவீதம் குறைந்தது. உங்கள் மூன்று வாரத் தேக்கத்தை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். எச்.பி.ஏ.1.சி என்பது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. ஆகவே 12ஆவது வார இறுதியில் அதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

உணவில் பெரிய மாற்றங்களைப் பட்டியலிட விரும்பவில்லை. பட்டியல் நீண்டால் எதுவும் நிலைக்காது என்பது என் அனுபவம். இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். ஒன்று, தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் வைத்து, பிறகு மீதமுள்ள இடத்தில் சோறு வைப்பது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மொத்த ஆற்றலில் 45 சதவீதத்துக்கு மேல் தானியங்களிலிருந்து வரக் கூடாது என்று கூறப்பட்டுள்ளது. நம் வீடுகளிலோ மூன்று வேளையும் அரிசியே மிகுந்திருக்கிறது. மற்றொன்று, புரதம். 30 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் இருக்கிறது; ஒரு முட்டையிலும் அவ்வளவுதான். பள்ளியிலிருந்து மாலை பசியோடு திரும்பும்போது முறுக்கு டப்பாவைத் திறப்பதற்குப் பதிலாகச் சுண்டல் தயாராக இருந்தால், இரவு ஒன்பதரை மணிக்கு நான்கு தோசை சாப்பிடும் தேவையே வராது. அதற்காகக் காலையில் கிளம்பும் முன் கடலையை ஊற வைப்பதை, மதிய உணவு டப்பாவை மூடும் வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காவிரிக்கரை ஐயா கோலத்தோடு ஷூவைக் கட்டியது போன்ற ஏற்பாடுதான் இதுவும்.


பதில்: நொய்யல் நடையர்

காவிரிக்கரை ஐயாவின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எடை பார்ப்பதையே விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தை இது தந்துவிடக் கூடாது. நான் கோவையில் ஒரு குழுவில் 9 கிலோ குறைத்து, நான்கு ஆண்டுகளாக அதே எடையில் நிற்கிறேன். தினமும் காலையில் பல் துலக்கியதும் வீட்டிலேயே எடை பார்த்து, சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதிவிடுவேன். ஒருநாள் 600 கிராம் ஏறும், மறுநாள் இறங்கும், அதற்கெல்லாம் கலங்குவதில்லை. சனிக்கிழமை ஏழு நாள் எண்களையும் கூட்டிச் சராசரி எடுக்கிறேன். அந்தச் சராசரி இரண்டு வாரம் தொடர்ந்து ஏறினால் மட்டும் மாலைக் காப்பியையும் பண்டங்களையும் கவனிக்கிறேன். அமெரிக்காவில் 13.6 கிலோவாவது குறைத்து ஓராண்டாவது அதைக் காப்பாற்றியவர்களின் பதிவேடு ஒன்றை 1994இல் தொடங்கினார்கள்; அதில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். எடையை நானே பார்த்து நானே எழுதும்போது அது எனக்குச் செய்தி சொல்கிறது. பதினான்கு பேர் முன்னால் பார்க்கும்போதுதான் அது தேர்வு முடிவு போல ஆகிவிடுகிறது.


தெப்பக்குளத்து ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

உணவியல் பணியாளரின் எச்சரிக்கையைக் குழுவில் படித்துக் காட்டியதும், எங்களில் மாத்திரை சாப்பிடும் இருவர், தாங்களும் சனிக்கிழமை இரவு சாப்பிடாமல் வந்து, ஞாயிறு காலையில் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டதை ஒப்புக்கொண்டார்கள். பயிற்றுநரே அதைக் கேட்டு வருந்தினார். பட்டியல் நின்றுவிட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகைக் கட்டத்தை மட்டும் நிரப்புகிறோம். எடையை அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்கிறோம். நான் நாள்காட்டி முறையைத் தொடங்கியிருக்கிறேன். இரண்டாம் வாரச் சராசரி 300 கிராம் குறைந்திருக்கிறது.

கோலமாவு டப்பாவை ஷூவுக்கு மேல்தட்டில் வைத்தேன். போன சனிக்கிழமை குழு இல்லை, மழைத் தூறலும் இருந்தது. டப்பாவை வைக்கப் போனவள் ஷூவைப் பார்த்து ஒரு கணம் நின்றேன். பிறகு குடையை எடுத்துக்கொண்டு தெருவின் கோடிவரை இரண்டு முறை நடந்துவிட்டு வந்தேன். பதினான்கு நிமிடம் ஆயிற்று. யாரும் அழைக்காமல் நான் நடந்த முதல் நடை இதுவே. மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றுவதை என் மாமியார் முதல் நாள் விசித்திரமாகப் பார்த்தார். காரணம் சொன்ன பிறகு, இப்போது அவரே எழுந்து ஊற்றிவிடுகிறார்.

13ஆவது வாரத்துக்கு எங்களில் எட்டுப் பேர் அதே நேரத்துக்கு அதே இடத்தில் கூடுவதாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். நடையை நாங்களே நடத்திக்கொள்வோம். ஆனால் பயிற்றுநர் இல்லாமல் தசைகளுக்கான பயிற்சிகளை எப்படித் தொடர்வது என்பது மட்டும் தெரியவில்லை. எங்களில் நால்வருக்கு 50 வயதுக்கு மேல் ஆகிறது. கருவிகள் எதுவும் இல்லை.


பதில்: உணவியல் பணியாளர்

உங்கள் செய்தியை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன், அம்மா. கை நடுங்கிய அந்த இருவரையும் இந்த வாரமே தங்கள் மருத்துவரைப் பார்த்து மாத்திரை அளவைப் பேசச் சொல்லுங்கள். எடை குறையும்போது மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம். அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும்.

தசைப் பயிற்சிக்குக் கருவி தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னபடி, வாரத்துக்கு 150 நிமிடத்துக்குக் குறையாத மிதமான நடையோடு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுத்தால் போதும். செவ்வாயும் வெள்ளியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளக்கரையில் உட்காரும் உயரத்தில் ஒரு திண்ணையோ பெஞ்சோ இருந்தால், கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது 10 முறை. சுவரில் இரு கைகளையும் ஊன்றிச் சாய்ந்து தள்ளுவது 10 முறை. எதையாவது பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை. இதை ஒரு நிமிட ஓய்வோடு மூன்று சுற்றுச் செய்ய வேண்டும். எல்லாம் சேர்ந்து பதினைந்து நிமிடம் ஆகும். மூன்று வாரம் கழித்து எளிதாகத் தோன்றினால், உட்கார்ந்து எழும்போது இரு கைகளிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழங்காலில் குத்தும் வலி வந்தால் உட்காரும் உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். அப்போதும் வலித்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எண்ணிக்கையை ஒருவர் உரக்கச் சொல்ல மற்றவர்கள் செய்வது நல்லது. அந்தப் பொறுப்பை வாரத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டால், ஒருவர் ஊருக்குப் போனாலும் பயிற்சி நிற்காது.